பத்து மாதக் கணக்கு

"ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்துக் குழந்தை பிழைக்காது" என்று நம் வீட்டுப் பாட்டிமார் சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பார்கள். இது நம் தேசத்துக்கு மட்டும் உரிய கொள்கை என்று எண்ண வேண்டாம். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க தேசத்தில், ஹிப்பாக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் வைத்திய நூல்களுள், எட்டாம் மாதத்துக் குழந்தையைப் பற்றித் தனியே ஒரு நூல் எழுந்திருக்கிறது. அங்கும் இதே தீர்ப்புத்தான். இத்தனை தேசங்களைக் கடந்து, இத்தனை காலம் உயிரோடிருக்கும் ஒரு கொள்கை மெய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் அது முழுப் பொய். கர்ப்பத்தில் சிசு தங்கும் ஒவ்வொரு வாரமும் அதன் ஆயுளுக்கு வரவே தவிரச் செலவு அன்று. எட்டாம் மாதத்தில் பிறந்தது ஏழாம் மாதத்தில் பிறந்ததைவிடப் பிழைப்பதற்கு மிகவும் அதிக நியாயம் உண்டு.

பின் இந்தக் கொள்கை எப்படிப் பிறந்தது? ஏழாம் மாதத்தில் பிறந்து பிழைத்தவை என்று சொல்லப்பட்ட குழந்தைகளில் பல, உண்மையில் எட்டிலோ ஒன்பதிலோ பிறந்தவையாயிருக்கலாம். கல்யாணமான ஏழாம் மாதத்தில் கொழுகொழுவென்று பிறந்த குழந்தைகளைப் பற்றி இங்கே விஸ்தரிப்பது மரியாதையன்று. கணக்கில் எங்கேயோ பிசகு நேர்ந்தது என்று மட்டும் சொல்லி மேலே செல்வோம். ஆனால் இப்பொய்யால் விளையும் தீங்கு சிறிதன்று. ஏழாம் மாதத்தில் வலி கண்டால், "எப்படியும் பிழைத்துவிடும்" என்று அலட்சியம் செய்கிறார்கள். எட்டாம் மாதத்தில் கண்டால், "இனி என்ன செய்தும் பயன் இல்லை" என்று கை சோர்ந்துவிடுகிறார்கள். இரண்டிலும் வண்டி கிளம்புவது தாமதமாகிறது.

நான் வைத்தியன் அல்லன். கணக்குப் போடும் உபாத்தியாயன். ஆகையால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். "பத்து மாதம் சுமந்து பெற்றவள்" என்று தாயைச் சொல்லும் நம் வழக்குச் சுத்தமான கணக்கு. இருபத்தெட்டு நாள் கொண்ட மாதம் பத்து என்றால் 280 நாள். அதாவது 40 வாரம். கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளிலிருந்து இதை எண்ண வேண்டும். 37 வாரம், அதாவது 259 நாள், நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையையே வைத்திய சாஸ்திரம் குறைமாதக் குழந்தை என்கிறது. 2020-ஆம் ஆண்டில் உலகத்தில் இவ்வாறு பிறந்தவை சுமார் 1 கோடியே 34 லட்சம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஏறக்குறைய 30 லட்சம் நம் பாரத தேசத்தில் பிறந்தவை. வேறு எந்த தேசத்திலும் இத்தனை இல்லை. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளின் மரணத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் வேறொன்று இல்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த எண்ணின் கனம் விளங்கும்.

கணக்கு என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறதா, மாதம் நிறைந்து மெலிவாகப் பிறக்கிறதா என்பதை அறியாமல் எந்த வைத்தியரும் சரியான சிகிச்சை செய்ய முடியாது. நம் வீடுகளில் விலக்கான தேதியைக் கேட்டால், "ஆடிப் பெருக்குக்கு முன்னால்" என்றோ, "தீபாவளி கழிந்து நாலைந்து நாள்" என்றோ பதில் வருகிறது. சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒரு புள்ளி குத்தி வைத்தால் போதும். அதற்குப் பென்சில் தவிர வேறு செலவு இல்லை. அப்படிக் குறிக்கத் தவறியவர்கள், மூன்றாம் மாதம் முடிவதற்குள் ஸ்கான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் சிசுக்களின் அளவு ஒன்றுபோல் இருப்பதால் வயது திருத்தமாகத் தெரியும். நாள் செல்லச் செல்ல, ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் வளர, மதிப்பில் பிழை மிகும். அந்தப் பிற்பகுதிக்கும் இப்போது ஓர் உதவி கிடைத்திருக்கிறது. மேனாட்டு ஸ்திரீகளை அளந்து வகுத்த சூத்திரத்தை நம் ஸ்திரீகளுக்கு அப்படியே பிரயோகிப்பது பொருந்தவில்லை என்று கண்டு, பரீதாபாத் ஆராய்ச்சி ஸ்தாபனத்தாரும் நமது சென்னை ஐ.ஐ.டி.யினரும் சேர்ந்து, குருகிராம் ஆஸ்பத்திரிக்கு வந்த நம் நாட்டுக் கர்ப்பிணிகளின் அளவுகளைக் கொண்டே 'கர்ப்பிணி' என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்றை அமைத்திருக்கிறார்கள். 2024-இல் வெளிவந்த அதில் பிழை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருப்பதாக அவர்கள் அறிவித்தார்கள்.

இனி, நமது நெமிலிச்சேரியிலேயே வசிக்கும் வாசகியான ஓர் அம்மாள் கேட்டிருக்கும் கேள்விக்கு வருகிறேன். அவருடைய மருமகளுக்கு முதற் பிரசவம் ஏழாம் மாதத்திலேயே நேர்ந்து, குழந்தை மூன்றாம் நாள் போய்விட்டது. இப்போது மறுபடியும் மூன்று மாதம். "போன தடவை நடந்ததைப் புது டாக்டரிடம் சொல்ல வேண்டுமா? நல்ல காரியம் தொடங்கும்போதே அதைச் சொன்னால் அபசகுனமாகுமோ என்று பயமாயிருக்கிறது" என்று எழுதியிருக்கிறார். அம்மா, சொல்லியே ஆகவேண்டும். முதல் வாக்கியமாகவே சொல்ல வேண்டும். குறைமாதப் பிரசவம் நேரக்கூடியவர் யார் என்பதற்கு வைத்தியர்களிடம் உள்ள தடயங்களில், முன்னொரு முறை அப்படி நேர்ந்திருக்கிறதா என்பதைப் போல் பலமானது வேறில்லை. வலி வந்து பிறந்ததா, வலியே இல்லாமல் திடீரென்று பிறந்ததா, முன்னால் நீர் போயிற்றா, ஜுரம் இருந்ததா, எத்தனையாவது வாரம் என்று நினைவிருப்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் இன்னும் உத்தமம்.

வலியில்லாமல் பிறந்ததா என்று கேட்பதற்கு ஒரு சரித்திரம் உண்டு. சிலருக்குக் கருப்பையின் வாய், சிசுவின் பாரம் தாங்காமல், வலியின்றியே முன்கூட்டித் திறந்துகொள்கிறது. இப்படி அடுத்தடுத்துக் கர்ப்பம் இழந்த ஸ்திரீகளை "ராசி இல்லாதவள்" என்று ஊர் தூற்றிக்கொண்டிருந்த காலத்தில், பம்பாய் கிராண்ட் வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் வித்தல் நாகேஷ் சிரோத்கர், இது ராசியின் குற்றமன்று, தளர்ந்த வாய்க்குச் சுருக்குக் கயிறு வேண்டும், அவ்வளவுதான் என்று கண்டார். நோயாளியின் துடையிலிருந்தே நாடா போன்ற தசையுறை ஒன்றை எடுத்து, கருப்பையின் வாயைச் சுற்றிக் கட்டினார். இந்த முறையை 1955-இல் அவர் முதலில் பிரசுரித்தது லண்டன் பத்திரிகையில் அன்று, டாக்டர் யு. ராமராவ் 1904-இல் நமது சென்னையில் ஸ்தாபித்த 'ஆண்டிசெப்டிக்' என்ற வைத்தியப் பத்திரிகையில். இன்று நாடாவுக்குப் பதில் வேறு நூல் வந்துவிட்டது. எளிய முறைகளும் வந்துவிட்டன. ஆயினும் 'சிரோத்கர் தையல்' என்ற பெயர் உலகமெங்கும் வழங்குகிறது. எல்லோருக்கும் இது வேண்டியதில்லை. ஏற்றவர்களுக்கு மூன்று மூன்றரை மாதத்தில் போட்டு, மாதம் நிறையும் தறுவாயில் அவிழ்த்துவிடுவார்கள். வேறு சிலருக்கு ஐந்தாம் மாதத்து ஸ்கானில் கருப்பை வாயின் நீளத்தை அளந்து, அது குறுகியிருந்தால் புரோஜெஸ்டிரோன் மருந்து கொடுப்பதும் உண்டு. ஆகவே அந்த அம்மாள் மருமகளை மூன்றாம் மாதத்திலேயே அழைத்துப் போக வேண்டும். ஏழாம் மாதத்தில் வளைகாப்புக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால், தையலுக்கும் மருந்துக்கும் உரிய காலம் கடந்து போயிருக்கும்.

காரணம் இன்னதென்று தெரியாமலே நேரும் குறைப்பிரசவங்கள் ஏராளம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தாய் எதையோ தின்றாள், எங்கேயோ நடந்தாள் என்று அவள் மீது பழி போடுவது அநியாயம். பாவம், பப்பாளிப் பழம் இந்த விஷயத்தில் ஏற்றிருக்கும் பழி கொஞ்சமா! பப்பாளிக்காயின் பால் எலியின் கருப்பையைச் சுருங்கச் செய்வது பரீட்சையில் கண்டிருக்கிறது. அதே பரீட்சையில் நன்கு பழுத்த பழம் ஒரு தீங்கும் செய்யவில்லை. காயை விலக்கினால் போதும். பப்பாளியை வாசற்படிக்குள் விடாத வீடுகளிலேயே, கர்ப்பிணியின் இரத்தம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை என்பதுதான் விந்தை. நம் நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இரத்த சோகை. அது முற்றினால் குழந்தை முன்கூட்டிப் பிறப்பதும், எடை குறைந்து பிறப்பதும் மிகுதியாகின்றன.

இரத்த சோகையின் வைத்தியத்தில் நமது திருவல்லிக்கேணிக்கும் ஒரு பங்கு உண்டு. லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேய மாது 1928-இல் பம்பாய்க்கு வந்து, கர்ப்பிணிகளுக்கு வரும் கொடிய சோகை ஒன்றை ஆராயத் தொடங்கினார். பிறகு குன்னூர் பாஸ்டியர் ஸ்தாபனத்திலும், 1931-இல் சென்னைக் கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். இன்று கஸ்தூர்பா காந்தி ஆஸ்பத்திரி என்று பெயர் பெற்றிருப்பினும், ஜனங்கள் வாயில் அது இன்னும் கோஷா ஆஸ்பத்திரிதான். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான ஒரு சத்தைக் கொடுத்தபோது, சாகக் கிடந்த ஸ்திரீகள் சில நாட்களில் எழுந்து உட்கார்ந்ததை அவர் கண்டார். அதற்குள் இருந்த வஸ்து இன்னதென்று விளங்கச் சில ஆண்டுகள் சென்றன. 1941-இல் கீரை இலைகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலைக்குரிய லத்தீன் சொல்லைக் கொண்டே 'போலிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இனாமாகக் கொடுக்கும் மாத்திரையில் இரும்புச் சத்தோடு சேர்ந்திருப்பது அதுவேதான்.

அந்த மாத்திரைகளின் கதியையும் சொல்லிவிடுகிறேன். மலம் கறுக்கிறது, வயிறு புரட்டுகிறது என்று பாதி மாத்திரைகள் அலமாரியில் தூங்குகின்றன. மீதிப் பாதியைச் சாப்பிட்ட கையோடு ஒரு டம்ளர் காப்பி உள்ளே போகிறது. காப்பியும் தேநீரும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவொட்டாமல் தடுப்பவை. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் அப்படியே. இரும்பு மாத்திரையை இரவு உணவுக்குப் பின் எலுமிச்சைச் சாற்றோடு உட்கொண்டு, காப்பியை மறுநாள் காலைக்கு ஒத்திவைத்தால் மாத்திரை வீண்போகாது. மலம் கறுப்பது வியாதியன்று.

மற்றக் காரணங்களில், வைத்தியர் பரிசோதித்தால் மட்டுமே புலப்படுபவை சில. மூத்திரத்தில் எரிச்சலே இல்லாமல் கிருமி தங்குவதுண்டு. சிறு பாட்டிலில் கொடுக்கும் நீரால் அது தெரிந்துவிடும், எளிய மருந்தில் தீர்ந்தும்விடும். இரத்த அழுத்தம், சர்க்கரை இவை இரண்டும் ஓசைப்படாமல் ஏறுபவை. அழுத்தம் மிகுந்தால், தாயின் உயிரைக் காக்க வைத்தியரே முன்கூட்டிப் பிரசவம் செய்விக்க நேர்கிறது. 2020-இல் வெளியான ஒரு பெரிய பரீட்சையில், நம் பாரதம் உள்ளிட்ட ஆறு தேசங்களில் முதற் கர்ப்பம் தாங்கிய 11,976 ஸ்திரீகளில் பாதிப்பேருக்குச் சிறு அளவு ஆஸ்பிரின் மூன்றாம் மாதத்துக்குள்ளேயே தொடங்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். குறைப்பிரசவம் நூற்றுக்கு 13.1 என்பது 11.6 ஆகக் குறைந்தது. தலைவலிக்கு வாங்கி வைத்த ஆஸ்பிரினை எடுத்து யாரும் தாமாக விழுங்கிவிட வேண்டாம். யாருக்கு, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் நிர்ணயிக்க வேண்டும்.

ஒரு குழந்தைக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் இடையே இரண்டு வருஷமாவது இருக்க வேண்டும். பெண்ணின் உடல் முதிர்வதற்குள் கல்யாணம் செய்யலாகாது என்பதற்கு டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அவர்கள் பட்ட பாட்டை நம் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. அவர் பெயரால் நம் மாகாணத்து ஏழைக் கர்ப்பிணிகளுக்கு வழங்கும் உதவித் தொகை 2018-இல் ரூ. 18,000 ஆக உயர்ந்தது. அதில் ஒரு பகுதி நெய்யும் பேரீச்சம்பழமும் சத்து மாவுமாக ஒரு பெட்டியில் வருகிறது. அந்தப் பெட்டி வீட்டுக் குழந்தைகளுக்கும் மாமனாருக்கும் பங்காகாமல் கர்ப்பிணியின் வாய்க்கே போக வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

நமது திருவள்ளூர் ஜில்லாவில் வசிப்பவர்கள் யோசிக்க வேண்டிய மற்றொன்று வெயில். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா ஸ்தாபனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்து, வயலிலும் உப்பளத்திலும் செங்கற்சூளையிலும் கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவது மற்றவர்களைவிட இரு மடங்கு என்று கண்டார்கள். நாம் வீடு கட்ட வாங்கும் செங்கல்லைச் சுமப்பவள் எந்த மாதத்தில் இருக்கிறாள் என்று நம்மில் எவரும் விசாரித்ததில்லை. சூளைச் சொந்தக்காரர்கள் கர்ப்பிணிகளை நண்பகலில் நிழலில் இருத்தி, குடிநீரும் கொடுத்தால், அவர்களுக்கு நேரும் நஷ்டம் மிகச் சொற்பம்.

படித்த குடும்பங்களில் வளர்ந்துவரும் ஒரு வழக்கத்தைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே எழுத வேண்டியிருக்கிறது. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசீய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்தன. ஆயுதம் எடுப்பதென்று முடிவானவுடனே, ஜோஸ்யரிடம் போய் நட்சத்திரமும் லக்னமும் குறித்துக்கொண்டு, "இந்தத் தேதியில் இத்தனை மணிக்கு" என்று டாக்டரை நெருக்குகிறார்கள். அந்தத் தேதி 37-ஆம் வாரத்திலோ, தேதிக் கணக்குப் பிசகியிருந்தால் 36-ஆம் வாரத்திலோ விழுந்துவிடுகிறது. அவசியம் நேர்ந்தாலன்றி, 39 வாரம் முடியுமுன் இப்படிச் செய்யலாகாது என்பது வைத்திய விதி. ராஜயோக லக்னத்தில் பிறந்த குழந்தை மூச்சுத் திணறிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பதைப் பார்க்க, எந்தப் பாட்டனார் ஆசைப்படுவார்?

இப்போது எல்லாவற்றிலும் அவசரமான பகுதிக்கு வருகிறேன். மாதம் நிறையுமுன் வயிறு இழுத்துப் பிடித்தால், "சூட்டு வலி" என்று சொல்லி, சீரகக் கஷாயம் கொடுத்து, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று படுக்க வைப்பது நம் வீடுகளின் வழக்கம். சில சமயம் அது வெறும் சூடாகவே இருக்கலாம். ஆனால் வயிறு கல்லைப்போல் இறுகித் தளர்ந்து, மறுபடி இறுகி, இது ஒழுங்கான இடைவெளியில் வந்தால், அல்லது இடுப்பு வலி விட்டுவிட்டு வந்தால், நீரோ இரத்தமோ பட்டால், காலை வரை காத்திருக்கக் கூடாது. அந்த ஓர் இரவுதான் குழந்தையின் மூச்சு.

ஏன் என்று சொல்கிறேன். குறைமாதச் சிசுவின் நுரையீரல், பிசுபிசுத்து ஒட்டிக்கொண்ட ரப்பர் பலூனைப் போன்றது. ஒட்டாமல் காக்கும் வழுவழுப்பான வஸ்து அதில் இன்னும் ஊறியிராது. நியூஸிலாந்து தேசத்தில் லிக்கின்ஸ் என்ற வைத்தியர் ஆடுகளில் பிரசவத்தை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஸ்டிராய்டு மருந்து பெற்ற குறைமாத ஆட்டுக்குட்டிகள் பிழைக்க முடியாத வயதில் மூச்சு விடுவதைக் கண்டார். ஹௌவி என்ற சகாவோடு சேர்ந்து அதைத் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து, பலனை 1972-இல் வெளியிட்டார். மிகவும் மலிவான ஊசி. ஆனாலும் அமெரிக்க வைத்திய நிபுணர்கள் கூடி அதை ஒருமுகமாகச் சிபாரிசு செய்ய 1994 ஆயிற்று! 2020-இல் நம் தேசத்தையும் உள்ளிட்ட ஐந்து தேசங்களில் நடந்த பரீட்சையில், பிறந்த குழந்தைகளின் மரணம் நூற்றுக்கு 23.5-லிருந்து 19.6-க்கு இறங்கியது. இந்த ஊசி பன்னிரண்டு மணிக்கு ஒருமுறையாக நான்கு தடவை போடப்படுவது. முழுப் பலன் தெரிய ஒரு நாள் வேண்டும். கஷாயத்தில் கழிந்த இரவு, அந்த ஒரு நாளில் பாதி.

தேதிக் கணக்கு இங்கேயும் வந்து நிற்கிறது. 2015-இல் வெளிவந்த மற்றொரு பரீட்சையில், வசதி குறைந்த இடங்களில், வயதைச் சரியாக அறியாமலே பலருக்கு இந்த ஊசியைப் போட்டதில், மொத்தத்தில் சிசு மரணம் குறையாமல் சற்றுக் கூடிவிட்டது. மாதம் நிறைந்தவளுக்கு வேண்டாத மருந்து அது. காலண்டரில் குத்திய புள்ளியையும் முதல் ஸ்கான் காகிதத்தையும் கையோடு எடுத்துப் போகச் சொல்வது இதனால்தான். பெண் தாய்வீட்டுக்குப் போயிருக்கும்போது, காகிதங்கள் புக்ககத்து பீரோவில் பூட்டிக் கிடக்கக் கூடாது.

போவது எங்கே என்பதையும் ஆறாம் மாதத்திலேயே விசாரித்து வைக்க வேண்டும். பிரசவம் பார்க்கும் இடமெல்லாம் குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றும் வசதி உடையது அன்று. பிறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளிவட்டச் சாலையில் ஓடுவதைவிட, குழந்தையை வயிற்றில் வைத்துக்கொண்டே தாய் போய்ச் சேருவது எவ்வளவோ மேல். தாயின் வயிற்றைப் போல் சூடும் சுகமும் உள்ள வாகனம் வேறில்லை. திருவள்ளூரிலும் எழும்பூரிலும் சர்க்கார் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. 108 வண்டியை அழைத்தவுடன் "மாதம் நிறையவில்லை" என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

எல்லா ஜாக்கிரதைக்குப் பிறகும் குழந்தை முன்கூட்டியே பிறந்துவிட்டால்? கொலம்பியா தேசத்துப் பொகோட்டா நகரில், 1978-இல், சூட்டுப் பெட்டிகள் போதாமல் ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளைக் கிடத்திய நிலையில், டாக்டர் எட்கர் ரே என்பவர் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் மேல் தோலாகக் கட்டிவைக்கும் முறையைத் தொடங்கினார். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் கங்காருவின் பெயரை அதற்கு வைத்தார்கள். டில்லி ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் கலந்துகொண்ட ஒரு பரீட்சையின் முடிவு 2021-இல் வெளிவந்தது. அதில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குட்பட்ட குழந்தைகளைப் பிறந்த உடனேயே இப்படிக் கட்டிக்கொண்டதில், முதல் இருபத்தெட்டு நாள் மரணம் நூற்றுக்கு 15.7 இருந்த இடத்தில் 12 ஆயிற்று. மறு வருஷமே உலக சுகாதார ஸ்தாபனம் அதை எல்லோருக்கும் சிபாரிசு செய்தது. தாய் களைத்திருக்கும்போது தகப்பனார் கட்டிக்கொள்ளலாம், பாட்டியும் கட்டிக்கொள்ளலாம். தீட்டு என்று ஒதுக்கினால் அந்தச் சூடு குழந்தைக்குக் கிடைக்காது. எடை ஏறி, வைத்தியர் அனுமதிக்கும் வரையில் எண்ணெய் ஸ்நானமும் வேண்டாம், சாம்பிராணிப் புகையும் வேண்டாம். தாய்ப்பாலைக் கறந்து, பாலாடையில் சொட்டுச் சொட்டாகப் புகட்டும் விதத்தை ஆஸ்பத்திரி நர்ஸம்மாவிடம் கேட்டு, வீட்டிலுள்ள இரண்டு பேராவது கற்றுக்கொண்டு திரும்ப வேண்டும்.